துவர்ப்புக்குத் துணை

உணவுக்குப் பக்கத்தில் ஒரு பானத்தை வைத்துக் குடிக்கும்போது வாயில் நடப்பதை இரண்டு சுவைகளின் கூட்டலாக மட்டும் கணக்கிட முடியாது. முதலில் வந்தது பின்னால் வருவதை மாற்றுகிறது. பின்னால் வந்தது முந்தியதன் எச்சத்தைக் கழுவிவிடுகிறது, அல்லது நாக்கில் இன்னும் ஆழமாக அழுத்துகிறது. தனியே குடித்தால் முகம் சுளிக்கவைக்கும் கடுஞ்சாயம், ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியைக் கடித்த பிறகு இதமாக இறங்குகிறது. அதே சாயம் பச்சைமிளகாய்ச் சம்பலுக்குப் பிறகு வந்தால் நாக்கைச் சுடுகிறது. வைனை நடுவில் வைத்து ஐரோப்பா வளர்த்தெடுத்த பொருத்தக் கலை இந்த மாற்றங்களைத்தான் விதிகளாக எழுதிவைத்திருக்கிறது. அந்தக் கலையைத் தேயிலையை நடுவில் வைத்தும் படிக்கலாம். சப்ரகமுவ மாகாணத்தின் தாழ்நிலத் தேயிலை அதற்கு மிகப் பொருத்தமானது; இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் தோட்டத் தொழிலாளர் வசிக்கும் லயங்களில் அதற்கான பாடங்கள் தலைமுறை தலைமுறையாக அன்றாடம் நடந்துகொண்டிருக்கின்றன. ஆனால் அந்தப் பாடங்களை எடுத்துப் பேசத் தொடங்கியதுமே ஓர் உறுத்தலும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. ரொட்டியும் சம்பலும் வெறுந்தேத்தண்ணியும் ஒரே வேளையில் சேர்ந்தது நாக்கின் தேர்வினாலா, வேறு வழி இல்லாததினாலா? சுவையைப் பற்றிய எந்த விளக்கமும் இந்தக் கேள்வியைச் சுற்றிக்கொண்டு போய்விட முடியாது.

வைனுக்கு எழுதப்பட்ட விதிகளில் புதிதாகத் தொடங்குபவருக்குத் தேவையானவை ஐந்தாறுதான். சிவப்பு வைனின் துவர்ப்பு திராட்சைத் தோலிலும் விதையிலும் இருக்கும் டானின்களால் வருவது. கொழுப்புள்ள இறைச்சி அதைத் தணிக்கும். புளிப்பு மிகுந்த வெள்ளை வைன் எண்ணெய்ப் பிசுக்கை அறுக்கும். உணவில் புளி தூக்கலாக இருந்தால் வைனிலும் அதற்குக் குறையாத புளிப்பு வேண்டும். குறைந்தால் வைன் சப்பென்று நிற்கும். இனிப்புப் பண்டத்தோடு குடிக்கும் வைன் அந்தப் பண்டத்துக்கு மேலான இனிப்போடு இருக்கவேண்டும். உப்பு கசப்பை அடக்கும். மிளகாயும் மதுசாரமும் சேர்ந்தால் எரிவு கூடும். மீனுக்குச் சிவப்பு வைன் ஆகாது என்ற பழைய விதிக்கு 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒரு காரணத்தைக் கண்டார்கள்: வைனில் கரைந்திருக்கும் இரும்பின் அளவு கூடக்கூட, கடலுணவோடு சேரும்போது எழும் வீச்சப் பின்சுவையும் கூடுகிறது. இப்படிப்பட்ட விதிகள் மாளிகைகளில் பிறந்தவை என்ற எண்ணம் பரவலாக உண்டு. ஆனால் பிரான்சின் லுவார் ஆற்றங்கரையில் ஆட்டுப்பால் சீஸும் அங்கேயே விளையும் சோவினியோன் பிளாங்க் வைனும் சேர்ந்தன. அதே ஆறு கடலை நெருங்குமிடத்தில் மஸ்கடே வைனும் சிப்பியும் சேர்ந்தன. கையருகே கிடைத்ததையே உண்டு குடித்த ஊர்களின் பழக்கம் அது. உணவகங்களும் நூல்களும் பின்னால் வந்து அந்தப் பழக்கத்துக்குப் பெருமை சேர்த்தன. எல்லை குறுகிய வாழ்க்கை கற்றுக்கொடுத்த சுவை காலப்போக்கில் கலையாக ஏற்கப்பட்டதற்கு இவை சான்று. அப்படியானால் சப்ரகமுவவின் தெரணியகலையிலோ இறக்குவானையிலோ ஒரு லயத்துக் காம்பராவில் உருவான சுவைக்கு அந்த ஏற்பு ஏன் இன்னும் கிடைக்கவில்லை என்பதும் கேட்கப்படவேண்டிய கேள்வியாகிறது.

இலங்கைத் தேயிலை உயரத்தால் வகைபிரிக்கப்படுகிறது. 1,200 மீற்றருக்கு மேலே விளைவது உயர்நிலத் தேயிலை, 600 முதல் 1,200 வரை இடைநிலம், 600க்குக் கீழே தாழ்நிலம். நாட்டின் மொத்த விளைச்சலில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கு தாழ்நிலத்துடையது. சப்ரகமுவவின் தேயிலை பெரும்பாலும் இந்தக் கடைசி வகை. சிவனொளிபாதமலையின் மேற்குச் சரிவுகளிலிருந்து தெற்கே சிங்கராஜக் காட்டின் விளிம்புவரை இறப்பரோடும் கித்துளோடும் பலாவோடும் கலந்து கிடக்கிறது. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் அதிகமாக மழை பெய்யும். வெயிலும் மழையும் மாறிமாறி அடிக்கும் அந்தப் புழுக்கத்தில் கொழுந்து வேகமாக நீளும். பறித்து, வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, சூட்டில் உலர்த்தினால் நீண்டு முறுகிய கரிய இலையாகத் திரளும். சாயம் செம்பழுப்பு. மணத்தில் சீனியைக் கருக்கும்போது எழும் இனிமை உண்டு, வாயில் பாரமும் தடிப்பும் உண்டு. நுவரெலியாத் தேயிலையின் மெல்லிய பூமணமோ, ஊவாவில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் வரும் குளிர்ந்த காரமணமோ இதில் இல்லை. தனித்து நின்று வியக்கவைக்கும் பானம் என்று சப்ரகமுவச் சாயத்தைச் சொல்ல முடியாது. அது உணவைத் தேடும் பானம். அதை விரும்பி வாங்கும் நாடுகளைப் பார்த்தாலும் இது தெரியும்: ஈராக், துருக்கி, ஈரான், ரஷ்யா. தேத்தண்ணியைப் பால் விடாமல், பக்கத்தில் இனிப்போடு குடிக்கும் வழக்கம் வேரூன்றிய நாடுகள் அவை.

தேயிலையை மதிப்பிடும் வணிகம் அதை உணவிலிருந்து பிரித்துவைத்தே மதிப்பிடுகிறது. கொழும்புத் தேயிலை ஏலம் 1883இல் தொடங்கியது. ஏலத்துக்கு முன் சுவைஞர்கள் வெள்ளைக் கிண்ணங்களை வரிசையாக வைத்து, ஒவ்வொரு கரண்டியையும் காற்றோடு உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, துப்பிவிடுகிறார்கள். சுவைப்பதற்கான சர்வதேசத் தரமுறை 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் இலை, 6 நிமிடம் என்று வகுத்திருக்கிறது. இலையின் குறைநிறைகளை ஒப்பிட இந்த முறை சிறந்தது, அதில் ஐயமில்லை. ஆனால் அந்தக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ரொட்டி இல்லை, கருவாடு இல்லை, பசியும் இல்லை. கொழுந்தெடுக்கும் பெண்களின் வாழ்க்கையில் தேத்தண்ணி ஒருபோதும் இப்படித் தனியே வருவதில்லை. விடியுமுன் அடுப்படியில், காலையில் ஆளெடுக்கும் பெரட்டுக்கு ஓடுமுன் இரண்டு மிடறு. மலையில் தேத்தண்ணி நேரத்தில் போத்தலிலிருந்து ஊற்றிக் காகிதத்தில் சுற்றிய ரொட்டியோடு. நிறுவை முடிந்து, இடுப்பில் கட்டிய படங்கை அவிழ்த்து, காம்பராவுக்குத் திரும்பிய பிறகு பிள்ளைகளோடு இன்னொரு முறை. அவர்கள் பறித்த கொழுந்தின் முதல் தரங்கள் கப்பலேறுகின்றன. வீட்டுக்கு வருவது பெரும்பாலும் சலிப்பின் கடைசியில் விழும் தூள். தூளில் சாயம் வேகமாக இறங்கும், துவர்ப்பும் அப்படியே. ஆகவே தோட்டத்துப் பொருத்தம் என்பது முதன்மையாகத் துவர்ப்போடு வாழக் கற்றுக்கொண்ட கதை.

துவர்ப்பைத் தமிழ் மரபு அறுசுவையில் ஒன்றாக வைக்கிறது. இன்றைய உடலியல் அதைத் தொடுவுணர்வின் பக்கத்தில் வைக்கிறது. தேயிலையின் பாலிபீனால்கள் உமிழ்நீரில் வழுவழுப்பைத் தரும் புரதங்களைப் பிடித்துத் திரளச் செய்கின்றன. வழுவழுப்புப் போனதும் நாக்கும் கன்னத்தின் உட்புறமும் ஒன்றையொன்று உரசுகின்றன. வாய் வரண்டு சுருங்கியதுபோல் ஆகிறது. கொழுப்பு இதற்கு நேரெதிர்: அது வாயைப் பூசி வழுக்கவைக்கிறது, அளவு மிஞ்சினால் திகட்டவைக்கிறது. 2012இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கொழுப்புள்ள பதனிட்ட இறைச்சியையும் மென்மையான துவர்ப்புள்ள தேநீரையும் மாற்றிமாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு மிடறில் ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. திரும்பத் திரும்ப மிடறு இறங்கும்போது துவர்ப்பு சேர்ந்து வலுத்தது. கொழுப்பு அந்த வலுவைக் குறைத்தது, துவர்ப்பு கொழுப்பின் பூச்சைக் குறைத்தது. பொருத்தம் ஒரு வாயில் முடிகிற காரியம் இல்லை, ஒரு முழு வேளை நீளும் மாற்றுநடை என்பது இதிலிருந்து புரியும். கோதுமை மாவோடு துருவிய தேங்காயைச் சேர்த்துப் பிசைந்து தட்டிச் சுடும் தோட்டத்து ரொட்டியில் அந்த நடை அப்படியே இருக்கிறது. ரொட்டியின் மா உலர்ந்தது. தேங்காய் அதற்குள் எண்ணெயாக ஒளிந்திருக்கிறது. மெல்லும்போது எண்ணெய் கசிந்து வாயைப் பூசும், ஒரு மிடறு சாயம் அதை வழித்துக்கொண்டு போகும், வாய் அடுத்த துண்டைக் கேட்கும். தேங்காய் குறைவாகப் போட்ட ரொட்டியோடு அதே தேத்தண்ணி முரடாகத் தெரியும். தேங்காய் விலை ஏறும் மாதங்களில் ரொட்டி மட்டும் மாறுவதில்லை. தேத்தண்ணியின் சுவையும் மாறிவிடுகிறது.

இனிப்போடு சேரும் விதம் இன்னும் நுட்பமானது. சப்ரகமுவ கித்துள் மரத்துக்குப் பேர்போன பகுதி. பாளையைச் சீவி இறக்கும் பதநீரைக் காய்ச்சினால் பாணி, மேலும் இறுக்கினால் கருப்பட்டி, புளிக்கவிட்டால் கள்ளு. சிங்களக் கிராமங்களின் கையிலிருந்து தோட்டத்துக்கு வந்த இந்தக் கருப்பட்டியை உடைத்து ஒரு சில்லு வாயில் அடக்கிக்கொண்டு, சீனி போடாத சாயத்தை மேலே இறக்குவது இரு பக்கத்துக்கும் பொதுவான பழக்கம். கருப்பட்டி வாங்க முடியாத நாளில் உள்ளங்கையில் கொஞ்சம் சீனி. நாக்கால் தொட்டுத் தொட்டுக் குடிப்பது. சீனியைக் கலக்கிவிட்டால் முழுக் கோப்பையும் ஒரே சுவையாகிவிடும். வெளியே வைத்துக்கொண்டால் ஒவ்வொரு மிடறும் இனிப்பில் தொடங்கித் துவர்ப்பில் முடியும், குறைந்த சீனியில் நிறைந்த இனிப்பும் கிடைக்கும். தெஹ்ரானில் சீனிக் கட்டியைப் பற்களுக்கிடையில் இடுக்கிக்கொண்டு தேநீர் குடிக்கும் வழக்கமும், ரஷ்யாவில் சீனியைக் கடித்துக் கடித்துக் குடிக்கும் பழைய வழக்கமும் இதே வகைதான். சப்ரகமுவ இலையை வாங்கும் ஊர்களும் அதைப் பறிக்கும் லயங்களும் ஒன்றையொன்று அறியாமலேயே ஒரே முறையில் அதைக் குடித்திருக்கின்றன. கித்துள் கருப்பட்டிக்கு இன்னொரு சிறப்பும் உண்டு: பதநீர் காயும்போது பிறக்கும் கருகிய இனிமணமும் தாழ்நிலச் சாயத்தின் இனிமணமும் ஒரே குடும்பம். மணத்தில் ஒற்றுமை, சுவையில் எதிர்மை. நல்ல பொருத்தத்துக்கு இந்த இரண்டும் ஒருங்கே வாய்ப்பது அரிது.

காரத்தில்தான் விதிகள் தடுமாறுகின்றன. மிளகாயின் கப்சைசின் நாக்கில் தொடும் நரம்பு ஏற்பி, சுமார் 43 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டையும் உணரும் அதே ஏற்பி. ஆகையால் காரத்துக்கு மேல் சூடான எதைக் குடித்தாலும் எரிவு இரட்டிக்கிறது. துவர்ப்பு வாயை வரட்டி அதை இன்னும் கூர்மையாக்குகிறது. கொழுப்பும் பாலின் கேசீன் புரதமும் கப்சைசினைக் கழற்றிக்கொண்டு போகும். வெறுஞ்சாயத்தில் இரண்டும் இல்லை. விதிப்படி பார்த்தால், செத்தல் மிளகாயும் வெங்காயமும் உப்பும் மாசியும் இடித்துத் தேசிக்காய் பிழிந்த கட்டசம்பலுக்கு ஆவி பறக்கும் வெறுந்தேத்தண்ணி மிகத் தவறான துணை. ஆனாலும் மழையில் நனைந்து கைகள் விறைத்து வரும் வேளைக்குத் தோட்டம் கேட்பது அந்தச் சேர்க்கையைத்தான். எரிவே அங்கு வேண்டப்படுகிறது: வியர்வை அரும்ப வேண்டும், மூக்கு ஒழுகவேண்டும், உடம்புக்குள் அட்டைக் காட்டின் ஈரம் விலகவேண்டும். இதமாக்குவதுதான் பொருத்தத்தின் வேலை என்ற எண்ணம் இந்த இடத்தில் போதாமல் போகிறது. உணவும் பானமும் ஒன்றையொன்று தணிப்பது ஒரு வகை; ஒன்றையொன்று தூண்டி உடம்பை எழுப்புவது இன்னொரு வகை. சூட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை மட்டும் இங்கே உரியது: 65 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் பானங்களைத் தொடர்ந்து குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2016இல் வகைப்படுத்தியது. ஆறவிட்டுக் குடித்தால் காரமும் தாங்கும், தொண்டையும் தப்பும்.

உப்பு எளிய துணை. உப்பு கசப்பை அடக்கி மற்றச் சுவைகளை மேலே கொண்டுவருகிறது என்பது 1997இல் ஆய்வில் காட்டப்பட்டது. பொரித்த நெத்தலிக் கருவாட்டைக் கடித்தபின் தேத்தண்ணியின் கசப்பு பின்வாங்கி அதன் இனிமணம் முன்வருவதில் அதை யாரும் சோதித்தறியலாம். சிவப்பு வைனைப்போல் தேத்தண்ணி மீனோடு வீச்சமடிப்பதும் இல்லை. கிழங்கும் அப்படியே இணங்கும். அவித்த மரவள்ளிக்கிழங்கின் மாச்சத்து வாயை அடைக்கும். தேங்காய்ப்பூவோ கட்டசம்பலோ அதற்கு உயிரூட்டும். சாயம் அடைப்பைத் திறக்கும். மழை மாதங்களில் ஈரப்பலாவும் பலாக்கொட்டையும் இந்த இடத்துக்கு வரும். மரவள்ளி விடயத்தில் ஊர் முழுவதும் காக்கும் ஒரு தடை உண்டு: மரவள்ளி சாப்பிட்ட அன்று இஞ்சி ஆகாது, இஞ்சித் தேத்தண்ணியும் ஆகாது. மரவள்ளியில் சயனைட்டை வெளிவிடக்கூடிய பொருள் இருப்பது உண்மை. சரியாக அவிக்காவிட்டால் அது நஞ்சாகும். இஞ்சி அதைத் தூண்டும் என்ற நம்பிக்கை எவ்வளவு தூரம் சரி என்பது வேறு விவாதம். இந்தப் பேச்சுக்கு முக்கியமானது அந்த நம்பிக்கையின் வடிவம். எது எதோடு சுவைக்கும் என்று கேட்பதற்கு முன்னால், எது எதோடு உடம்புக்கு ஆகும் என்று அது கேட்கிறது. வைன் நூல்களின் பொருத்தம் நாக்கோடு முடிந்துவிடும். தோட்டத்துப் பாட்டிமாரின் பொருத்தம் வயிற்றையும் இரத்தத்தையும் சேர்த்துக்கொள்கிறது.

பால் சேர்த்த தேத்தண்ணி வேறொரு பானமாகவே கொள்ளத்தக்கது. கேசீன் பாலிபீனால்களைக் கட்டிவிடுவதால் உமிழ்நீர்ப் புரதங்களுக்கு வேலை மிச்சம். துவர்ப்பு மழுங்குகிறது, சாயத்தின் தடிப்பு மட்டும் நிற்கிறது. சப்ரகமுவச் சாயம் பாலைத் தாங்கும் வலுவுள்ளது. கொழுப்பைப் பால் தன்னுள்ளேயே கொண்டிருப்பதால் அதற்குத் துணையாக உலர்ந்தவையும் உப்புப் பண்டங்களும் நன்று. தேங்காய் தூக்கலான பண்டங்கள் திகட்டும். ஆனால் தோட்டத்தில் பால்தேத்தண்ணி என்பது பெரும்பாலும் பால்மா. பால்மா என்பது காசு. 2021, 2022 பொருளாதார நெருக்கடியில் பால்மாவும் எரிவாயுவும் மண்ணெண்ணெயும் வரிசைகளில் காத்துக்கிடந்தும் கிடைக்காத பொருள்களாயின. அப்போது லயங்களில் வெறுந்தேத்தண்ணி மேலும் வெறுமையானது. சில வீடுகளில் அதுவே ஒரு வேளையின் இடத்தை நிரப்பியது.

தொடக்கத்தில் வந்த உறுத்தல் இங்கே முழுதாகத் தன்னைக் காட்டுகிறது. இனிப்புச் சாயம் பசியின் வெறுமையைச் சற்று நேரம் மறைக்கும். அந்த மறைப்பைச் சுவை என்று வருணிப்பது நியாயமா? வறுமை ஒரு தட்டில் வைத்ததைப் பொருத்தம் என்று பாராட்டும்போது, அந்தத் தட்டில் வேறு எதுவும் வைக்கப்படாததற்குப் பாராட்டும் துணைபோய்விடுமோ என்ற ஐயம் எளிதில் தீர்வதில்லை. மறுபுறம், வறியவர்களின் நாக்குக்குத் தேர்வே கிடையாது என்று முடிவுகட்டுவதும் ஓர் இழிவுதான். உள்ளங்கைச் சீனியை எப்போது தொடவேண்டும், ரொட்டி எவ்வளவு முறுகினால் சாயத்தோடு இசையும், தூளை எத்தனை நேரம் வடியவிட்டால் கசப்பு வராது என்பதெல்லாம் கண்டறியப்பட்ட அறிவு. கிடைத்ததற்குள் சிறந்ததைத் தேடிய அறிவு. லுவார் கரையின் குடியானவர்களுக்கு இருந்ததும் அதுவே. வேறுபாடு ஒன்று உண்டு. அந்தக் குடியானவர் தம் கொடியின் வைனைத் தாமே குடித்தார். அதற்குத் தம் ஊரின் பெயரைச் சூட்டும் உரிமையும் காலப்போக்கில் அந்த ஊர்களுக்குச் சட்டமாகக் கிடைத்தது. கொழுந்தெடுக்கும் பெண்ணுக்குத் தான் பறித்த இலையின் முதல் தரம் எப்படிச் சுவைக்கும் என்பதே பெரும்பாலும் தெரியாது. தேர்வும் கட்டாயமும் ஒரே தட்டில் கலந்திருக்கின்றன. ஒன்றை ஒப்புக்கொள்வதற்காக மற்றதை மறுக்கவேண்டியதில்லை. அறிவைப் போற்றுவதும் கட்டாயத்தை நீக்கக் கோருவதும் சேர்ந்தே நடக்கவேண்டியவை.

கட்டாயம் உடம்பில் பதியும் இடம் இரும்பு. வைனில் கரைந்த இரும்பு மீனின் சுவையைக் கெடுத்தது. தேத்தண்ணியில் திசை மாறுகிறது, உணவின் இரும்பை அது கைப்பற்றிக்கொள்கிறது. துவர்ப்பைத் தரும் அதே பாலிபீனால்கள் இரும்போடு சேர்ந்து கரையாத கூட்டுப்பொருளாகின்றன. கடுஞ்சாயத்தில் ஓர் இரும்பாணியைக் கிடத்திவைத்தால் நீர் கருமையடைவது இதனால்தான். 1975இல் வெளியான ஓர் ஆய்வு பாணையும், உருளைக்கிழங்கும் வெங்காயமும் சேர்ந்த சூப்போடு சோற்றையும் கொடுத்துப் பார்த்து, தேநீர் சேர்ந்தபோது இரும்பு உறிஞ்சப்படுவது குறைவதை உறுதிப்படுத்தியது. பிற்கால ஆய்வுகளில் குறைவின் அளவு உணவுக்கும் சாயத்தின் கடுமைக்கும் ஏற்ப மாறுகிறது, திசை மாறவில்லை. பால் விட்டாலும் பெரிய வேறுபாடு இல்லை. தானியத்திலும் பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புக்கே இந்த இழப்பு அதிகம். இறைச்சியிலும் மீனிலும் இரத்தவழி வரும் இரும்பு பெரிதும் தப்பிவிடும். வசதியான வீட்டுத் தட்டில் இறைச்சி இருப்பதால் தேநீர் அங்கே தீங்கு குறைந்த துணை. கோதுமை ரொட்டியையும் பருப்பையும் நம்பி வாழும் தோட்டத்தில் அதே தேநீர், இருக்கும் கொஞ்ச இரும்பிலும் பங்கு கேட்கிறது. மாதவிடாயிலும் மகப்பேற்றிலும் இரும்பை இழக்கும் பெண்களே அங்கு அதிகம் நடந்து, அதிகம் சுமந்து உழைப்பவர்கள். 2016ஆம் ஆண்டின் தேசியக் குடித்தொகை, சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடளவில் 17 வீதம். தோட்டப்புறத்தில் 32 வீதம். அந்த இடைவெளிக்குக் காரணங்கள் பல; தேத்தண்ணியின் தலையில் அதைக் கட்டுவது பொய்யாகும். ஆனால் தாயின் இரத்தத்தில் இரும்பு குறைவது அந்தக் காரணங்களின் வரிசையில் இருக்கிறது.

இதிலிருந்து பொருத்தக் கலைக்கு ஒரு புதிய விதி பிறக்கிறது: நேரம். 2017இல் பிரித்தானியப் பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வில், உணவோடு கூடவே தேநீர் குடித்தபோது இரும்பு உறிஞ்சல், தண்ணீர் குடித்ததோடு ஒப்பிட 37 வீதம் குறைந்தது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தபோது அந்தக் குறைவு 18 வீதமாக, ஏறக்குறையப் பாதியாக இறங்கியது. கலந்துகொண்டவர்கள் பன்னிருவர்தான்; எண்ணை அப்படியே எல்லாருக்கும் பொருத்த முடியாது, ஆனாலும் அது காட்டும் வழி தெளிவானது, செலவில்லாதது. சோறு, பருப்பு, கீரை, ரொட்டி என்ற முழு வேளைகளுக்குத் தண்ணீரே துணையாகட்டும். பக்கத்தில் வல்லாரைச் சம்பலோ கொய்யாவோ நெல்லியோ தேசிக்காய்ப் புளியோ இருந்தால் அவற்றின் விற்றமின் சி இரும்புக்கு உதவும். தேத்தண்ணியின் தடையை அது முழுதாக நீக்கிவிடும் என்று மட்டும் நம்பவேண்டாம். ஒரு மணி நேரம் கழித்துச் சாயத்தை இறக்கலாம். அப்போது அதற்குத் துணை கருப்பட்டிச் சில்லு, பொரித்த நெத்தலி, தேங்காய்த் துண்டு. இவை எதுவும் புதியதில்லை. தோட்டத்து நாக்கு அறிந்தவையே. சுவை எதையும் இழக்கவில்லை, இடம் மட்டுமே மாறுகிறது. மலையில் பத்து நிமிடத் தேத்தண்ணி நேரத்துக்குள் ரொட்டியையும் போத்தலையும் ஒன்றாக முடித்துவிட்டு நிரையில் ஏறவேண்டியவருக்கு இந்த ஒரு மணி நேரம் யார் கொடுப்பது என்பது உண்மையான சிக்கல். பொருத்தம் அங்கே நாக்கின் கையிலிருந்து வேலைநேரத்தின் கைக்குப் போய்விடுகிறது. அறிவுரை தொழிலாளிக்கு மட்டும் சொல்லப்பட்டால் அது பாதி அறிவுரை. வேலை நேரத்தை வகுப்பவர்களுக்கும் அது சொல்லப்படவேண்டும்.

தாழ்நிலச் சாயத்தைப் புதிதாக உணவோடு சேர்த்துப் பார்க்க விரும்பும் எவருக்கும் இந்த வரிசை போதும். முதலில் சாயத்தை மட்டும் குடித்து அதன் துவர்ப்பை அறிவது. பிறகு தேங்காயின் கொழுப்பு அதை எப்படித் தணிக்கிறது, கருப்பட்டியின் இனிமை எப்படி அதன் மணத்தைத் திறக்கிறது, உப்பு எப்படிக் கசப்பை விலக்குகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பது. காரத்துக்கு ஆறிய சாயத்தையும் சூடான சாயத்தையும் தனித்தனியே வைத்துப் பார்ப்பது. இறுதியில் கடிகாரத்தையும் தட்டின் ஓர் உறுப்பாகச் சேர்ப்பது. கொழும்பிலும் வெளிநாடுகளிலும் சிலோன் தேயிலைக்கு உணவுப் பொருத்தம் வகுப்பவர்கள் சொக்கலேட்டையும் சீஸையும் தேடிப் போகுமுன் எட்டியாந்தோட்டை, பலாங்கொடை, காவத்தைத் தோட்டங்களின் ரொட்டியையும் கித்துள் கருப்பட்டியையும் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லிச் சேர்க்கட்டும். தோட்ட நிர்வாகங்கள் பறிப்பவரின் வீட்டுக்கும் முதல் தர இலையை ஒரு பங்கு அனுப்பட்டும். உணவு இடைவேளையையும் தேத்தண்ணி இடைவேளையையும் பிரித்துக் கொடுக்கட்டும். தாய்சேய் நிலையங்களில் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும்போது, தேத்தண்ணியைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளிவைக்கவேண்டும் என்ற ஒரு வரி தமிழில், காரணத்தோடு, ஒவ்வொரு முறையும் சொல்லப்படட்டும். ஒரு பானத்தை விளைவிப்பவரின் நாக்குக்கும் இரத்தத்துக்கும் ஆகாத பொருத்தம் நல்ல பொருத்தமாக முடியாது.